எதிரிக்குப் போட்ட கம்மஞ்சோறு

பட்டாளத்தில் மேலே வந்த பிறகு, டெல்லியில் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பக்கத்து நாடுகளைப் பற்றிப் பேசும் கூட்டங்களுக்கு நானும் போக வேண்டியிருந்தது. அங்கே எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பேசுகிறவர் வாயைத் திறந்த கொஞ்ச நேரத்துக்குள் அவர் எந்த மண்ணுக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவேன். பாலைவனத்துக்காரர் எல்லை என்றாலே கோட்டைச் சுவரைத்தான் நினைப்பார். வங்காளத்துக்காரர் ஆறு இடம் மாறும், வரைபடத்துக் கோட்டை ரொம்ப நம்பாதீர்கள் என்பார். மலைநாட்டுக்காரர் உயரத்தில் நிற்பது யார் என்று முதலில் கேட்பார். நாட்டின் கொள்கை என்று காகிதத்தில் அச்சாகி வருவதெல்லாம் இப்படி நாலைந்து ஊர்க்காரர்கள் சண்டை போட்டுச் சமாதானமானதுதான்.

நான் எப்போதும் கேட்பது ஒரே கேள்வி. "அங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது?" கேட்டதும் மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு ஓடும். கோயமுத்தூர்க்காரன் ஆரம்பித்துவிட்டான் என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தக் கேள்வியை நான் எந்தப் போர்ப் பள்ளியிலும் கற்கவில்லை. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், என் அத்தையின் தோட்டத்தில், ஒரு யுத்தத்தைக் கோட்டைவிட்டபோது அது என்னோடு ஒட்டிக்கொண்டது.

முப்பதுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி மாணவர்களைச் சேர்த்து ஒரு பட்டாளம் வைத்திருந்தார்கள். வாரத்தில் இரண்டு மாலை கவாத்து. காக்கிச் சட்டை, பூட்ஸ், பழைய துப்பாக்கி, கவாத்து முடிந்ததும் சுடச்சுட உப்புமா. பாதிப் பேர் உப்புமாவுக்காக வந்தவர்கள். நான் மட்டும் உண்மையிலேயே பைத்தியமாக இருந்தேன். டேராடூனில் நம்மவர்களை அதிகாரிகளாக்க ஒரு ராணுவப் பள்ளி திறந்திருந்தார்கள். அங்கே போக வேண்டும் என்று ராத்திரியும் பகலும் அதே நினைப்பு. அதற்கு எங்கள் பட்டாளத்துக்குப் பொறுப்பாக இருந்த வெள்ளைக்கார காப்டன் ஒரு வார்த்தை எழுதித் தர வேண்டும்.

அந்தத் துரை கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் தலைக்குள் இந்தியா முழுவதையும் தட்டுத் தட்டாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தார். வடமேற்கில் பிறந்தவன் சண்டை போடுவான். மலையில் பிறந்தவன் சொன்ன பேச்சு கேட்பான். தெற்கத்தியான் பாலம் கட்டுவான், பள்ளம் வெட்டுவான். வெள்ளைக்காரர்கள் படைக்கு ஆள் எடுத்ததே அந்த நாளில் இந்தக் கணக்கில்தான். நான் டேராடூன் பேச்சை எடுத்தபோது துரை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கள் ஜில்லாக்காரர்கள் பருத்தி மூட்டை தூக்குவதில் கெட்டிக்காரர்கள். யாரையாவது அடித்துப் பார்த்திருக்கிறாயா? உங்கள் ஊரில் திருடனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுகிறார்களாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவரை ஒரு கை பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் அவருக்கும் பதில் கிடைத்திருக்கும், எனக்கும் டேராடூன் போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சல்யூட் அடித்தேன். "சரி, காம்ப்பில் கடைசி நாள் ஒரு சண்டை வைக்கிறேன். நீல அணிக்கு நீ தலைவன். ஜெயித்துக் காட்டு, எழுதித் தருகிறேன்" என்றார்.

காம்ப் மாசி மாதக் கடைசியில் வந்தது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைப் பாறைக் குன்று. எங்கள் பக்கம் அதைக் கரடு என்போம். நீல அணியான நாங்கள் சூரியன் இறங்கும்வரை அந்தக் கரட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பாலக்காட்டுக் கல்லூரிப் பையன்கள் சிவப்பு அணி. மேற்கே இருந்து நடந்து வந்து அதைப் பிடிக்க வேண்டும். வெற்றுத் தோட்டாதான். இருந்தாலும் எனக்கு அது பானிப்பட்டு மாதிரி.

நான் கரட்டைப் பார்க்கவே இல்லை. சுற்றியிருந்த கிணறுகளைப் பார்த்தேன். பாலக்காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குளம். அந்தப் பையன்கள் இடுப்பில் ஒரு சின்னத் தண்ணீர்ப் புட்டியோடு கிளம்பி வருவார்கள். எங்கள் காடுகளில் வெயில் ஏறினால் நிழலும் இருக்காது, தண்ணீரும் இருக்காது. கிணறு இருக்கும், தண்ணீர் பாதாளத்தில் கிடக்கும். மாடு பூட்டித் தோல்பையால் இறைத்தால்தான் மேலே வரும். மாட்டையும் பையையும் கயிற்றையும் அப்புறப்படுத்திவிட்டால் கிணற்றடியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கரட்டின் மேல் பேருக்குச் சிலரை நிறுத்திவிட்டு மற்றவர்களைக் கிணறு கிணறாக ஒளித்து வைப்பது என் திட்டம். தாகத்தில் நாக்கு தள்ளி வருகிறவர்களை வளைத்துப் பிடித்துக் கைதியாக்க வேண்டும். துரையிடம் சொன்னபோது அவர் முதல்முறையாக என்னை மரியாதையாகப் பார்த்தார்.

தோட்டக்காரர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசியாக அத்தையின் தோட்டத்துக்குப் போனேன். அப்பாவின் தங்கை. மாமா போன பிறகு தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் கூப்பிட்டால் மூன்று காடு தாண்டிக் கேட்கும். ஒரே மகள். முறைப்படி அவளைக் கட்டிக்கொண்டு அந்தக் கிணற்றையும் தோட்டத்தையும் நான்தான் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று இரண்டு வீட்டிலும் முடிவாகியிருந்தது. என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

"அத்தை, நாளைக்கு மத்தியானம் யாரு வந்து கேட்டாலும் தண்ணி குடுத்துப்போடாதீங்க" என்றேன்.

"ஏனுங் கண்ணு, கெணத்துல ஏதாச்சும் உளுந்துபோச்சுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. யுத்தமுங்க."

"யாரு கூடங்க?"

"பாலக்காட்டுப் பசங்க கூட. வெளையாட்டுத்தான். ஆனா இதுல செயிச்சாத்தான் தொரை எனக்கு எழுதிக் குடுப்பாரு."

"எழுதிக் குடுத்தா?"

"வடக்க பட்டாளத்துக்குப் போயிருவனுங்க."

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மகளையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சரிங் கண்ணு. நிக்கறீங்களே, ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்றார்.

மறுநாள் வெயில் என் பக்கம் இருந்தது. நான் ஆறு பேரோடு அத்தையின் கிணற்றருகே, தண்ணீர் இறைக்கும்போது மாடுகள் இறங்கி ஏறும் சரிவுக்குப் பின்னால் படுத்திருந்தேன். உச்சிப்பொழுது தாண்டியதும் சிவப்புப் பட்டை கட்டிய பையன்கள் சோளத்தட்டைக்கு நடுவே வருவது தெரிந்தது. நடை என்று சொல்ல முடியாது. துப்பாக்கியை ஊன்றுகோலாக்கி ஆடி ஆடி வந்தார்கள். அவர்கள் தலைவன் நல்ல உயரம். முகம் வற்றல் மிளகாய் நிறத்தில் இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே மேட்டில் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்களும் கிட்டே வரட்டும், பொறுங்கள் என்று நான் கையைத் தூக்கினேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை வெளியே வந்தார்.

"ஏனுங் கண்ணுகளா, இந்த வெயில்ல எங்கீங்க கெளம்புனீங்க? மொகமெல்லாம் கருகிப்போச்சே!"

"அம்மே, கொறச்சு வெள்ளம் தரணே" என்றான் அந்தத் தலைவன். பொள்ளாச்சிச் சந்தையில் பாலக்காட்டு வியாபாரிகளோடு மாட்டுக்குப் பேரம் பேசி வளர்ந்த அத்தைக்கு மலையாளம் அத்துப்படி.

"வெறுந் தண்ணி குடிச்சா வகுறு புடிச்சுக்கும். வேப்ப மரத்தடியில உக்காருங்க. சித்த நேரம். அம்மணி, அந்த மோர்ப்பானையை எடுத்தா!"

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் எந்த ஊர் என்று கேட்பது. தண்ணீரைக் குடித்துவிட்டால் அவர்கள் ஒறம்பரை. சொந்தக்காரர், விருந்தாளி, இரண்டும் எங்களுக்கு அந்த ஒரே சொல்தான். வந்தவர்களுக்குக் கம்மஞ்சோறு உருண்டை, கொள்ளுப் பருப்பு, சின்ன வெங்காயம், மோர் என்று வரிசையாக வந்தது. மர நிழலில் வரிசையாக உட்கார்ந்து, துப்பாக்கிகளைச் சாத்திவிட்டு, சிவப்பு அணி சாப்பிட ஆரம்பித்தது.

பரிமாற அத்தையும் மகளும் மட்டும்தான். பையன்கள் சாப்பிட்ட வேகத்துக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. இங்கேதான் என் படை கவிழ்ந்தது. பக்கத்தில் படுத்திருந்த தாராபுரத்துப் பையன் நெளிந்தான். "அண்ணா, கடைசியில இருக்கறவருக்கு எலை காலியா இருக்குதுங்க" என்றான். பேசாமல் படு என்று கண்ணைக் காட்டினேன். "ஒறம்பரை எலை காலியா இருந்தா எப்படீங்க பாத்துட்டு இருக்கறது?" என்று எழுந்து போய்விட்டான். சட்டியை வாங்கிக்கொண்டு பரிமாறவும் ஆரம்பித்தான். அவன் பின்னால் இன்னொருவன் வெங்காயம் எடுத்துக்கொண்டு போனான். ஒவ்வொருவராக என் பதுங்கு படை எழுந்து பந்தி விசாரிக்கப் போயிற்று. நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"சரிவுக்குப் பின்னால படுத்திருக்கற கண்ணும் வாங்க, பருப்பு ஆறிப்போகுது!" என்று மூன்று காடு கேட்க அத்தை கூப்பிட்டார். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனேன். வேறு என்ன செய்வது?

எங்கள் மரியாதையைப் பற்றி இவ்வளவு பெருமை பேசுகிறேனே, அதற்கும் ஒரு வேலி இருந்தது. என் ஆட்களில் குறி தவறாமல் சுடக்கூடிய ஒரு நண்பன் இருந்தான். கிறிஸ்துவக் குடும்பம், தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வேலை செய்தவர்கள். அத்தையின் கிணற்றில் அவன் வீட்டார் குடம் இறக்க முடியாது. யாராவது மேலிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். அவன் எழுந்து வந்தவன் மரத்துக்கு அப்பாலேயே நின்றுவிட்டான். அத்தை அவனைப் பார்த்தார். ஒரு நொடி தயங்கினார். பிறகு மோர்ச் சட்டியை அவன் கையில் கொடுத்து, "அந்தக் கோடியில குடுங்க" என்றார். காக்கி செய்த வேலையா, ஆள் போதாத அவசரமா, எனக்குத் தெரியாது. காக்கி இல்லாத நாளில் அது நடந்திருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பின்னாளில் அவனிடம் இதைப் பற்றிக் கேட்டபோது சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டான்.

சாப்பாடு முடியும் நேரத்தில்தான் பாலக்காட்டுத் தலைவன் எங்கள் கையில் இருந்த நீலப் பட்டையைக் கவனித்தான். கையில் கடைசி உருண்டை. மரத்தடியில் இரண்டு அணித் துப்பாக்கிகளும் கலந்து கிடந்தன. எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

"இனி எந்து செய்யும்?" என்று என்னைக் கேட்டான்.

"முதலில் கை கழுவு" என்றேன்.

கை கழுவிக்கொண்டே ஒப்பந்தம் போட்டோம். இந்தத் தோட்டத்துக்குள் யாரும் யாரையும் தொடக்கூடாது. வெயில் தாழ்ந்ததும் அவர்கள் கரட்டுக்குப் போகலாம். நாங்கள் ஓடிப்போய்த் தடுக்கலாம். நியாயமான உடன்படிக்கை. ஆனால் கம்மஞ்சோற்றையும் மோரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு மாசி வெயிலில் நிழலில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது குளக்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சிவப்பு அணி மொத்தமும் குறட்டை விட்டது.

அந்தக் கோலத்தில்தான் துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மரத்தடியில் சாய்ந்து கிடந்த படையைப் பார்த்தார். சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சபாஷ்! எல்லாரையும் பிடித்துவிட்டாயா? கைதிகள்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. டேராடூன் என் நாக்கு நுனியில் இருந்தது. தூங்குகிறவர்கள் எழுந்து மறுக்கப் போவதும் இல்லை. பாலக்காட்டுத் தலைவன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான், மீசையில் மோர். அத்தை கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அவர் வீட்டில் சாப்பிட்டவனைக் கைதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லை சார். விருந்தாளிகள்" என்றேன்.

துரைக்கு முகம் செத்துவிட்டது. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் தொப்பியைக் கழற்றி மாட்டினார், கழற்றி மாட்டினார். அந்தப் பெண்மணியை ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார். "அவர் என் அத்தை சார்" என்றேன். சூரியன் இறங்கியபோது கரடு எங்களிடமே இருந்தது. சட்டப்படி நீல அணிக்கு வெற்றி என்று அறிவித்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் நினைத்தது சரிதான். நீங்கள் நல்லவர்கள். சிப்பாய்கள் இல்லை. எழுத மாட்டேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அத்தையிடம் போய் அழாத குறையாகக் கத்தினேன். "உங்க மோரால என் பொழப்பே போச்சுங்க!" அத்தை மோர்ப்பானையைக் கழுவிக் கவிழ்த்தார். அவர் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, இனி நான் எங்கேயும் போகப் போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலையில் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அத்தையின் சவாரி வண்டி வந்து நின்றது. அத்தை பட்டுப்புடவையில் இறங்கி நேரே துரையிடம் போனார். "எங்க ஊருக்கு வந்துபோட்டு ஊட்டுல கை நனைக்காமப் போகக் கூடாதுங்க. தொரையக் கூட்டிட்டு வாங்க கண்ணு" என்றார் என்னைப் பார்த்து. நான் விருப்பமில்லாமல் மொழிபெயர்த்தேன். துரை நேற்றைய கதையை நினைத்துச் சிரித்தார். வேடிக்கைதானே என்று கிளம்பிவிட்டார்.

மணைப்பலகையில் துரை காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார். கல்யாணம் கட்டிய புது மாப்பிள்ளைக்குச் செய்கிற சந்தகையை அத்தை அவருக்குப் பிழிந்திருந்தார். நூல் நூலாகச் சந்தகை, மேலே தேங்காய்ப்பால், இன்னொரு பக்கம் கோழிக் குழம்பு. துரை முதலில் தயங்கினார். அப்புறம் பேச்சே இல்லை. அத்தையின் மகள் போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் போதும் என்று கையால் மறைத்தால் விரலிடுக்கில் ஊற்றினாள். கடைசியில் நீண்ட மூச்சு விட்டுவிட்டு, "உங்கள் அத்தைக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேள்" என்றார்.

கேட்டேன். ஒன்றும் வேண்டாம், மறுபடி வாங்க என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன், அதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு.

"பையன் ஆசப்படறத எழுதிக் குடுத்துருங்கன்னு சொல்லுங்க" என்றார் அத்தை.

நான் குனிந்து மணைப்பலகையின் ஓரத்தைச் சுரண்டினேன்.

"நான் சொன்னத அப்படியே சொல்லுங்க கண்ணு. உங்க காரியமுன்னு கொறச்சுப்போடாதீங்க."

சொன்னேன். துரை என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "இப்போது நான் யார்? கைதியா, விருந்தாளியா? கேள்" என்றார்.

"ஒறம்பரைங்க" என்றார் அத்தை.

"அதுதான் மோசம். கைதி என்றால் தப்பித்தாவது ஓடலாம்" என்று துரை வாய்விட்டுச் சிரித்தார். காலை நீட்டி எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நேற்று அந்தப் பையன்கள் ஏன் கரட்டுக்குப் போகவில்லை என்று இன்றைக்குத்தான் புரிகிறது. சரி, எழுதுகிறேன்." அன்று மத்தியானமே எழுதியும் கொடுத்துவிட்டார்.

துரையை வழியனுப்பிவிட்டு வந்து அத்தையிடம் கேட்டேன். "நான் போயிட்டா தோட்டத்துக்கு யாருங்க? அம்மணிக்கு?"

"அவளுக்கென்ன, நல்ல எடமா வரும். நீங்க மொகத்தத் தூக்கிட்டு இங்க உக்காந்திருந்தா மட்டும் தோட்டம் வெளைஞ்சுபோடுமா?" என்றார். எச்சில் இலையை எடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நேத்து அந்தப் பசங்களுக்குப் போட்டது வழக்கமுங்க கண்ணு. இன்னைக்குத் தொரைக்குப் போட்டது உங்களுக்காக."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. சிப்பாய் ஆகப் போகிறவன் என்பதால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் அப்பால் போய்விட்டேன்.

ஆனி மாதம் போத்தனூரில் ரயில் ஏறினேன். மேல்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அத்தை ஒரு பெரிய பித்தளைக் கூஜா நிறையக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். ஜன்னல் வழியாக அதை என் மடியில் வைத்தார்.

"வடக்க தண்ணி எப்படியோ என்னவோ. ரெண்டு நாளைக்கு வெச்சுக் குடிங்க" என்றார். வண்டி நகரும்போது கூடவே நாலு எட்டு வந்து, "யாராச்சும் தாகம்னு கேட்டா இல்லைன்னு சொல்லிப்போடாதீங்க கண்ணு" என்றார்.

எதிர் பெஞ்சில் ஒரு கைக்குழந்தைக்காரி, பக்கத்தில் சேலத்துக்குப் போகும் வியாபாரி, ஈரோட்டில் ஏறிய ஒரு கிழவர், அவருக்குத் துணையாக இரண்டு பேர். ஜோலார்பேட்டை வருவதற்குள் கூஜா காலி. அதில் நான் குடித்தது ஒரே ஒரு வாய்.